முந்நூறு மீட்டருக்கு இந்தப் பக்கம்

சலவை மெசினின் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சில்லறைக் காசு, தலைமுடிக் கிளிப், சோடி தொலைத்த காலுறை எல்லாம் கடைசியில் அதன் மடிப்பில்தான் வந்து ஒதுங்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் மனைவி அந்த மடிப்புக்குள் விரலை விட்டு எடுத்தது ஒரு துப்பாக்கி ரவை. வெற்றுக் கோது இல்லை, தலையில் குண்டு பூட்டியபடியே இருந்த முழு ரவை. சுண்டுவிரல் நீளம். நாற்பது பாகைத் தண்ணீரில் சுழன்று வந்ததில் பளபளவென்று இருந்தது.

மெசின் எங்களுடையதும் இல்லை. சுவிஸில் தொடர்மாடிகளின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை தொங்கும். செவ்வாய் எங்கள் முறை, புதன் காலை மேல்மாடி மூதாட்டியின் முறை. அவர் விரலில் இது அகப்பட்டிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

"இஞ்ச ஒருக்கா கீழ வாங்கோ" என்று மனைவி தொலைபேசியில் கூப்பிட்ட குரலே சரியில்லை. நான் இறங்கிப் போய், யோசிக்காமல், அதை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்த மகன் கத்தினான்: "அப்பா, நீங்கள் தொடக் கூடாது! அம்மாட்டக் குடுங்கோ!"

வெடித்துவிடும் என்று பயந்து அவன் கத்தவில்லை. சட்டத்துக்குப் பயந்து கத்தினான். சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவில் சில நாடுகளின் பெயர்கள் இருக்கின்றன: அல்பேனியா, அல்ஜீரியா, கொசோவோ, வட மசிடோனியா, பொஸ்னியா, சேர்பியா, துருக்கி, இலங்கை. இந்த நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் துப்பாக்கியோ ரவையோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. மாநில அதிகாரிகள் விதிவிலக்காக அனுமதி தரலாம், ஆனால் அது விதிவிலக்குத்தான். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சுவிஸ் குடிமக்கள். நான் இன்னும் இலங்கைக் குடிமகன். குடியுரிமைக்கு உள்ளூர் மொழியில் பேச்சு பி1 தரத்திலும், எழுத்து அதைவிடக் கீழான ஏ2 தரத்திலும் வேண்டும். பேச்சில் தேறினேன், எழுத்தில் விழுந்தேன். இருபத்தைந்து வருடம் சமையலறையில் நின்றவனுக்கு வெங்காயம் வெட்டத் தெரியும், கடிதம் எழுத வராது. ஆக, அந்தச் சலவை அறையில் நின்ற மூன்று பேரில் அதைக் கையில் வைத்திருக்கக் கூடாத ஒரே ஆள் நான். சட்டப்படி பார்த்தால் ஒரு பத்து விநாடி நான் குற்றவாளி.

அந்த ரவை எப்படி வெளியே வந்தது, பிறகு ஊர்ச் சூட்டுச் சங்கம் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஆர்காவ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் என்றால் போதும்.

ஊருக்கு ஒரு சூட்டுத்திடல்

புதிதாக வருபவர்களுக்கு முதலில் விளங்காதது, இந்த அமைதியான நாட்டில் ஏன் ஊருக்கு ஊர் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்பதுதான். காரணம் இராணுவம். இங்கே முழுநேரப் படை என்பது மிகச் சிறியது. சுவிஸ் ஆண்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் பயிற்சிக்குப் போய் வந்து, பிறகு வருடத்துக்குச் சில வாரங்கள் சேவை செய்துவிட்டு, மற்ற நாளெல்லாம் தச்சராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பார்கள். துப்பாக்கி பலரது வீட்டு அலுமாரியில் இருக்கும். சுடத் தெரியும் என்பதை ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 31க்கு முன் காட்ட வேண்டும். அதைக் காட்டும் இடம் இராணுவ முகாம் அல்ல, ஊர்ச் சங்கம். அரசு ரவையைக் கொடுக்கும், நடத்துவது சங்கம்.

இந்தக் கட்டாயச் சூட்டுக்கு 'ஓப்லிகாட்டோரிஷ்' என்று பெயர். முந்நூறு மீட்டர் தூரம், இருபது ரவை. முதல் ஐந்து வட்டம் போட்ட இலக்கில், மிச்சம் பதினைந்தும் பாதி மனித உருவம் போலத் தெரியும் இன்னொரு இலக்கில். 85 புள்ளிக்கு 42 எடுக்க வேண்டும். எடுக்காதவருக்கு மறுவாய்ப்பு, அப்புறமும் வராவிட்டால் தனி வகுப்பு. ஒரு வங்கி முகாமையாளர் 39 எடுத்துவிட்டு, பள்ளிப் பையனைப் போல முகம் சிவந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாடு முழுவதும் இப்படி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள். இவற்றின் தாய்ச் சங்கம் 1824இல் எங்கள் மாநிலத் தலைநகர் ஆரவ்விலேயே தொடங்கியது. முதல் தேசியச் சூட்டுத் திருவிழாவும் அதே வருடம் அங்கேதான் நடந்தது. இன்றைய சமஷ்டி அரசு 1848இல்தான் வந்தது. நாட்டுக்கு முன்னரே சங்கம் இருந்தது என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்லிக் காட்டுவதில் பொய்யில்லை.

எங்கள் ஊர்த் திடல் வயல்கரையில் இருக்கிறது. இந்தப் பக்கம் மரக்கூரை போட்ட நீளமான கட்டடம், எட்டு சூட்டுத் தடங்கள், ஒட்டினாற்போல் 'ஷூட்சன்ஸ்டூபே' என்ற சிறு சாப்பாட்டுக்கூடம். அந்தப் பக்கம் மண்மேட்டுக்கு முன்னால் எட்டு இலக்குகள். நடுவில் முந்நூறு மீட்டர் புல்வெளி. சூடு இல்லாத நாட்களில் பசுக்கள் மேயும். சூடு நடக்கும்போது சிவப்பும் வெள்ளையுமான காற்றுப்பை ஏறும். பசுக்களை முன்கூட்டியே வேறு புலத்துக்கு மாற்றிவிடுவார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பது வருடத் தொடக்கத்திலேயே ஊர்ப் பத்திரிகையில் வந்துவிடும். சாதாரண வாரங்களில் ஞாயிறு கிடையாது.

நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தது 2009 மார்ச்சில். சூட்டுப் பருவம் தொடங்குவதும் மார்ச்சில்தான், எங்களுக்கு யார் சொல்வது? வன்னிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், ஜன்னலுக்கு வெளியே சூடு கேட்டது. நான் நிலத்தில் படுத்துவிட்டேன். இரண்டு வயது மகன் விளையாட்டென்று நினைத்து முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

எங்கள் தலைமுறைக்கு ஒரு வேண்டாத திறமை உண்டு. சத்தத்தை வைத்து ஆயுதத்தைச் சொல்வோம். யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஷெல் கிளம்பும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் நடுவில் பங்கருக்குள் ஓடிப் பழகிய காது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து செம்மணி வீதியால் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தக் காது இங்கேயும் சும்மா இருக்கவில்லை. சில மாதங்களிலேயே எங்கள் திடலில் மூன்று வகைத் துப்பாக்கி பேசுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். இளைஞர்களின் 5.6 மில்லிமீட்டர் வறண்டு வெடிக்கும். கிழவர்கள் விடாமல் வைத்திருக்கும் பழைய 7.5 மில்லிமீட்டர் இரண்டு வகை, அவை நெஞ்சில் இடிக்கும். பின்னாளில் சங்கத்தவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. முதுகைத் திருப்பி உட்காரவைத்து, பத்துச் சூடு கேட்கவைத்தார்கள். ஒன்பது சரி. அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முறையாக என்னிடம் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

கடிதம்

மகனுக்குப் பதினைந்து வயதானபோது, பெப்ரவரியில், ஒரு கடிதம் வந்தது. பதினைந்திலிருந்து இருபது வயது வரையான சுவிஸ் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், 'யுங்ஷூட்சன்' என்ற இளஞ்சூட்டாளர் வகுப்பு. துப்பாக்கி கடனாகத் தருவார்கள். ஊரில் அந்த வயதில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போன கடிதம்தான். ஆனால் எங்கள் வீட்டு மேசையில் அது வேறு மாதிரிக் கிடந்தது.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "துவக்கு வேண்டாம் எண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்றாள். மகனின் வாதம் எளிது: கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் போகிறார்கள், பதினெட்டில் இராணுவம் எப்படியும் கூப்பிடும், தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவது நல்லது. பதினெட்டில் அவன் மாற்றுச் சேவையைத் தேர்ந்தெடுக்கலாம். அது இராணுவச் சேவையைவிட ஒன்றரை மடங்கு நாள், முதியோர் இல்லத்திலோ காட்டு வேலையிலோ. அதையும் சொன்னேன். "அதுக்குப் பிறகு யோசிப்பம் அப்பா" என்றான்.

நான் கையெழுத்துப் போட்டேன். அது சரியா தவறா என்று இன்றைக்கும் முடிவுக்கு வரவில்லை.

முதல் நாள் அவனோடு போனேன். வகுப்பை நடத்தும் ஷூட்சன்மைஸ்டர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஊரில் எல்லார் வீட்டுக் கதவும் தெரிந்தவர். தமிழில் இவரைப் 'பொறுப்பாளர்' என்று எழுதலாம். ஆனால் எங்கள் ஆட்களின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழும், ஆகையால் மைஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்றத் தகப்பன்மாரைப் போல நானும் ஒரு முறை சுட்டுப் பார்க்கிறேனா என்று கேட்டார். கேட்டுவிட்டு, என் வதிவிட அட்டையைப் பற்றி ஏதோ நினைவு வந்தவராக நிறுத்தினார். அவர் முகத்தில் தெரிந்த சங்கடத்தை நான்தான் போக்க வேண்டியிருந்தது. "சுடத் தெரியாது, சூப் வைக்கத் தெரியும்" என்றேன். அடுத்த சனிக்கிழமையே ஷூட்சன்ஸ்டூபேயின் சாவி என் கையில் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எட்டுத் தடத்துக்கும் கடவுச்சீட்டு வேண்டும், சமையலறைக்கு வேண்டாம். ஆனால் சங்கம் உண்மையில் நடப்பது சமையலறைப் பக்கம்தான். சுடுவதற்கு ஒருவருக்கு இருபது நிமிடம் போதும். மீதி மூன்று மணிநேரமும் அவர்கள் இந்தப் பக்கம்தான் இருப்பார்கள்: யாஸ் என்ற சீட்டாட்டம், செர்வெலா என்ற சொசேஜ், பாண், சுட்டு முடித்தபின் பியர். ஊர்ச் சபைக்கு யாரை நிறுத்துவது, பள்ளிக்கூடக் கூரை ஏன் ஒழுகுகிறது, யார் வீட்டில் யாருக்குப் புற்றுநோய் எல்லாம் அந்த மேசைகளில்தான் பேசப்படும். பழைய உறுப்பினர் ஒருவர், இலக்குகள் மின்னணு ஆவதற்கு முன் அந்தப் பக்கத்துக் குழிக்குள் இருந்து நீளத்தடி பிடித்துப் புள்ளி காட்டிய பையன். ஒரு பின்னேரத்துக்கு எத்தனை பிராங்க் கிடைத்தது என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். தொகை மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.

ஓகஸ்டில் வேட்டைக்காரர்களும் வருவார்கள். இந்த மாநிலத்தில் வேட்டைக் குழுக்கள் காட்டுப் பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்கின்றன. மான், அதைவிட முக்கியமாகச் சோளக் காட்டை உழுதுபோடும் காட்டுப்பன்றி. காட்டுக்குள் போகுமுன் குறி தவறாது என்பதை வருடாவருடம் காட்ட வேண்டும். விலங்கைக் காயப்படுத்தி அலையவிடுவது அவர்களுக்குப் பெரிய வெட்கம். சங்கத்தவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் நடுவில் மாமன் மச்சான் கேலி ஓயாது. காகிதத்தைச் சுட்டுவிட்டுப் பசிக்கிறதா என்று இவர்கள் கேட்பார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து தூங்குவதற்கு ஏன் துப்பாக்கி என்று அவர்கள் கேட்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை

இனி ரவைக்கு வருகிறேன்.

மே மாதக் கடைசியில் 'ஃபெல்ட்ஷீசன்' வரும். நாடு முழுவதும் ஒரே வார இறுதியில் நடக்கும் சூட்டுவிழா. வருடாவருடம் ஒரு லட்சம் பேருக்கு மேல் கலந்துகொள்வார்கள், காசு கிடையாது. பதினெட்டு ரவை: முதலில் ஆறு தனித்தனியாக, பிறகு ஒரு நிமிடத்துக்குள் மூன்று, மறுபடி ஒரு நிமிடத்துக்குள் மூன்று, கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு. ஒரு சூட்டுக்கு அதிகபட்சம் 4 புள்ளி, மொத்தம் 72. அதற்கு இரண்டு வாரம் முந்திய சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு ஒத்திகை.

செவ்வாய் இரவு நாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டதும் மைஸ்டர் சைக்கிளில் வந்தார். கையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. கத்தவில்லை. ரவையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார், கோப்பி இருக்கிறதா என்று கேட்டார், பிறகு மகனைப் பார்த்து, "படுத்துக் காட்டு" என்றார். வரவேற்பறைக் கம்பளத்தில், சாமிப்படத்துக்கு முன்னால், என் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு பையன் குப்புறப் படுத்தான். ஒவ்வொரு தொடரையும் அவர் சொல்லச் சொல்லச் செய்தான்.

இரண்டாவது மூன்று-ரவைத் தொடரில் கை நின்றது. அவனுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு சுட்டான். மூன்றாவதுக்கு மூச்சை அடக்கிக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிடம் முடிந்துவிட்டது. கட்டளைப்படி ரவைக்கூட்டைக் கழற்றி, கைப்பிடியை இழுத்து வெறுமையாக்கினான். குழலுக்குள் இருந்த ரவை தெறித்துப் பாயில் விழுந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைக்கப் போனவன், அடுத்த தொடருக்கு ஆறு ரவை நிரப்பும்படி கட்டளை வரவே, கையில் இருந்ததைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு கொடுக்கலாம் என்று. அந்தப் 'பிறகு' வரவில்லை.

மைஸ்டர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். 'ஸ்டாண்ட்பிளாட்' என்ற புள்ளித்தாள், மகனுடையது. வரும்போதே எடுத்து வந்திருக்கிறார். பன்னிரண்டாவது சூட்டுக்கு நேரே ஒரு பூச்சியம்.

எல்லாம் அந்தப் பூச்சியத்தில்தான் இருந்தது. மின்னணு இலக்கில் பட்டால் திரையில் எண் வரும். இலக்குக்கு வெளியே போனால் ஒன்றும் வராது. சுடவே இல்லையென்றாலும் ஒன்றும் வராது. தாள் எழுதும் பையன் இரண்டுக்கும் 0 போட்டான், அப்படித்தான் எல்லாரும் போட்டு வந்தார்கள். தவறவிட்டதற்கும் சுடாததற்கும் தாளில் ஒரே அடையாளம். சுடாத ரவை ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கோதுகளை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கோதுகள் வலப்பக்கம் தெறித்துப் பக்கத்துத் தடத்துக் கோதுகளோடு கலந்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வாளியில் அள்ளுவார்கள். வெற்றுப் பெட்டிகளைத்தான் எண்ணினார்கள், ரவைகளை அல்ல.

இன்னொன்றும் சேர்ந்தது. வழக்கமாக இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பார். அன்று நாலு பிள்ளைகளுக்கு ஒருவர். காரணம் வெயில். இரண்டு வாரம் விடாத மழைக்குப் பிறகு வந்த முதல் உலர்ந்த சனிக்கிழமை. உதவிக்கு வரவேண்டிய இரண்டு பேரும் விவசாயிகள், புல் அறுத்து உலர்த்தப் போய்விட்டார்கள். ஒரு ரவை வெளியே போனதற்கு வைக்கோலும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் யாழ்ப்பாணத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

சனி இரவு கால்சட்டை அழுக்குக் கூடைக்குப் போனது. ஞாயிறு இங்கே யாரும் உடுப்புத் தோய்ப்பதில்லை. திங்கள் அவன் வேறு கால்சட்டையில் தொழிற்பள்ளிக்குப் போனான். மின்னிணைப்பு வேலை பழகுகிறான். அதே கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போய், வகுப்பில் பேனா தேடிப் பைக்குள் கைவிட்டிருந்தால்? ஆறு அடி உயரம், மண்ணிற முகம், பெயரில் பதினான்கு எழுத்து, கையில் ஒரு ரவை. என்ன நடந்திருக்கும் என்று மைஸ்டருக்கும் தெரிந்திருந்தது. கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "நல்லவேளை, உன் மனைவி சலவையில் கவனமானவர்" என்றார். சங்கத்துக்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், மனைவிக்கு மட்டும் மரியாதை கூடிவிட்டது.

மேசைக்கு வந்தது

அடுத்த புதன்கிழமை செயற்குழு கூடியது. பையனையும் என்னையும் வரச் சொன்னார்கள். நான் விசாரணை என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். போனால், அவர்கள் வேலை உடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மகனை நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னான். செயலாளர் எழுதினார். பிறகு தாள் எழுதிய பையன் தான் 0 போட்டதைச் சொன்னான். பிறகு மைஸ்டர், ஆள் குறைந்தபோது தடங்களைக் குறைக்காமல் நாலு தடத்தையும் திறந்தது தன் பிழை என்று தன் வாயாலேயே சொன்னார். அதையும் செயலாளர் எழுதினார். புல் அறுக்கப் போன விவசாயி எழுந்து, முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அதுவும் எழுதப்பட்டது. யாரும் யாரையும் நோக்கி விரல் நீட்டவில்லை, ஒவ்வொருவரும் தன் பங்கை மேசையில் வைத்தார்கள். எங்கள் ஆட்களின் சங்கங்கள் சிலவற்றில் நான் இருபது வருடம் இருந்திருக்கிறேன். அங்கே கணக்குக் கேட்டாலே கோபம் வரும், கூட்டக்குறிப்பு அடுத்த கூட்டத்துக்குள் தொலைந்துவிடும். ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அன்றே மூன்று மாற்றம் தீர்மானமாயிற்று. சுடாத ரவைக்குத் தாளில் 0 அல்ல, ஒரு கோடு. கோடு விழுந்தால் அந்த ரவை உடனே தடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவப்புக் கோப்பைக்குள் போக வேண்டும், கோட்டின் எண்ணிக்கையும் கோப்பையில் உள்ளதும் ஒத்துவர வேண்டும். ஆள் போதாவிட்டால் தடத்தை மூடுவது. பிறகு, வீட்டுக்குப் போகுமுன் எல்லாரும் பைகளை வெளியே இழுத்துக் காட்டுவது. பிள்ளைகள் மட்டும் காட்டினால் அவமானமாக இருக்கும் என்று பொருளாளர் சொன்னதால், மைஸ்டர் உட்பட எல்லாரும். முதல் வாரம் அவருடைய பையிலிருந்து விழுந்தது மூன்று மிட்டாய்த் தாளும் ஒரு பல்குச்சியும். சங்கத்துக்கு மேலே இருக்கும் சூட்டு அதிகாரிக்கு அறிக்கையை அவரே எழுதி அனுப்பினார். மகனை நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை சுடவிடாமல் கோப்பைக்குக் காவல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முறை குரல் உயர்ந்தது. இப்படி ஒரு செய்தி வெளியே போனால் திடலை மூடச் சொல்பவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி, ஆகையால் குறிப்பில் எழுத வேண்டாம் என்றார் ஒருவர். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. திடலுக்குப் பக்கத்தில் புது வீடுகள் வந்துவிட்டன, சனிக்கிழமைச் சத்தத்தைப் பற்றி ஊர்ச் சபைக்குக் கடிதம் போகிறது. மண்மேட்டில் தலைமுறை தலைமுறையாகச் சுட்ட ஈயம் கிடக்கிறது. நாடெங்கும் இப்படி நாலாயிரம் அளவில் மண்மேடுகள், தோண்டித் துப்புரவாக்கும் வேலை நடக்கிறது. இப்போது குண்டுகளைப் பிடிக்கச் செயற்கைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சங்கம் ஆள் இல்லாமல் மூடி எங்களோடு சேர்ந்துவிட்டது. ஆயுதத்தைப் பற்றிய சண்டையும் நாட்டில் ஓயவில்லை. 2001 செப்டெம்பரில் சூக் மாநிலச் சட்டசபைக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான். 2007க்குப் பிறகு வீட்டில் இராணுவ ரவை கொடுத்து வைப்பதை நிறுத்தினார்கள். 2011இல் இராணுவத் துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுக்கும் யோசனையை 56 சதவீதத்துக்கு மேல் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2019இல் ஐரோப்பாவின் கடுமையான விதிகளை ஏற்பதற்கு 63.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். எங்கள் மேசையிலேயே இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு.

செயலாளர் பேனாவை வைக்காமல் சொன்னார்: "எழுதாவிட்டால் அடுத்த தபால்காரருக்கு இது எப்படித் தெரியும்?" எழுதினார்கள்.

இதனால் நான் துப்பாக்கியை விரும்பத் தொடங்கிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் முதல் சூடு கேட்கும்போது தோள் தானாகக் குறுகும். எனக்கு வாக்கு இருந்திருந்தால் 2011இல் எந்தப் பக்கம் போட்டிருப்பேன் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் யாரும் எங்களிடம் பையை வெளியே இழுத்துக் காட்டியதில்லை. எந்தத் தரப்பும்.

ஃபெல்ட்ஷீசன் நடந்த மூன்று நாளில் முந்நூற்று ஐம்பது ரோல்ஸ் போட்டேன். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, எங்கள் மிளகாய்த்தூள் பாதி. மூதாட்டிகள் மூன்றாவதையும் கேட்டார்கள். வெள்ளி பின்னேரம் மகன் சுட்ட நேரத்தில் நான் எண்ணெய்ச் சட்டியை விட்டு அசையவில்லை. வேண்டுமென்றே அசையவில்லை. பதினெட்டுச் சூட்டையும் எண்ணினேன். 58 எடுத்தான், கோப்பை காலி.

நவம்பரில் 'ஆப்சென்டன்' என்ற வருடக் கடைசி விருந்து, பரிசு கொடுக்கும் இரவு. வேட்டைக்காரர் ஒருவர் மான் தொடை கொண்டுவந்து என்னிடம் தந்தார். இந்த நாட்டு உணவகங்களில் இலையுதிர்காலம் முழுக்க மானிறைச்சியைச் சிவப்புக் கோவாவோடும் ஸ்பேட்ஸ்லி என்ற மாவுணவோடும் சமைத்து என் கை மரத்துப்போனது. அன்றைக்கு அதை யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டுப் பிரட்டினேன். பாணோடு வழித்துத் துடைத்தார்கள். முதல் மேசையில் இருந்த பழைய குழிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தான் 1960களில் வாங்கிய கூலியைப் பற்றித் தொடங்கினார். தொகை இம்முறையும் வேறு.

ஜனவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான தாள்கள் தபாலில் வந்தன, மகன் பெயருக்கு. அவன் இப்போது வகுப்பில் உதவியாளர், சிவப்புக் கோப்பைகளுக்குப் பொறுப்பு. நாலாம் பக்கத்தில் ரவையைப் பற்றிய குறிப்பு இருந்தது, பெயர் இல்லாமல், பன்னிரண்டாவது சூட்டு என்ற விவரத்தோடு. ஏழாம் பக்கத்தில் வரவு செலவு. சமையலறை வருமானத்தை இதுவரை ஒரே தொகையாகத்தான் போடுவார்கள். இந்த முறை இரண்டு வரி: 'செர்வெலா மற்றும் பானம்', அதற்குக் கீழே 'ரோல்ஸ்'. இரண்டாவது தொகை பெரிது. கீழே நன்றி சொல்லும் வரியில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள், ஒரு 'க'வும் ஒரு 'ர'வும் குறைந்திருந்தன. எழுத்துத் தேர்வுக்கு மறுபடி படித்துக்கொண்டிருப்பதால், பயிற்சியாக இருக்கட்டும் என்று செயலாளருக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். மகன் படித்துப் பார்த்து, நாலு பிழை என்றான்.